ஓலையும் சீமெந்தும்: தாவரக் கட்டடப்பொருள்களின் சமூக வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

1

வீடு என்பது மனிதன் இயற்கையோடு கொண்ட உறவையும், மனிதர் தமக்குள்ளே கொண்ட உறவையும் ஒருசேர எடுத்துக்காட்டும் ஓர் உற்பத்திப் பொருளாகும். எப்பொருளால் வீடு கட்டப்படுகிறது என்ற வினாவை எழுப்பும்பொழுது, அப்பொருள் எந்நிலத்தில் விளைந்தது, யாருடைய உழைப்பினாற் பெறப்பட்டது, யாருக்கு உரிமையாயிற்று என்ற வினாக்களும் உடனெழுகின்றன. தமிழிற் கட்டடக்கலை பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் கோயில்களையும் கோட்டைகளையும் பற்றியனவாகவே அமைந்துள்ளன. உழைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஓலைக்குடிசை ஆய்வுக்குரிய பொருளாக அரிதாகவே கொள்ளப்பட்டுள்ளது.

இன்று அக்குடிசையை மீண்டும் நோக்கவேண்டிய தேவை எதிர்பாராத ஒரு திசையிலிருந்து எழுந்துள்ளது. உலகில் வெளியேற்றப்படும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு சீமெந்து உற்பத்தியினால் உண்டாகிறது. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசு வெப்பத்திற் சுடும்பொழுது, எரிபொருளிலிருந்து மட்டுமன்றிக் கல்லிலிருந்தும் இவ்வாயு வெளிப்படுகிறது. வெளிப்படுவதிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு கல்லினுடையதே. எனவே எரிபொருளை மாற்றுவதால் மட்டும் இப்பிரச்சினை தீர்ந்துவிடாது. தாவரமோ இதற்கு நேர்மாறான முறையில் உருவாகிறது. வளரும்பொழுது அது வளியிலிருந்து காபனை எடுத்துத் தன் உடலாக்கிக்கொள்கிறது. உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி காபனே. அம்மரம் வீட்டின் உறுப்பாக நூறாண்டு நிலைக்குமாயின், அக்காபனும் நூறாண்டு வளியினின்றும் விலகி நிற்கும். இவ்வுண்மையின் அடிப்படையிலேயே மரம், நார், வைக்கோல், உமி, பூஞ்சண இழை ஆகியவற்றால் புதிய கட்டடப்பொருள்களை வகுக்கும் முயற்சிகள் பல நாடுகளிலும் நடைபெறுகின்றன.

இம்முயற்சிகளைக் கண்டு, எம் முன்னோர் இதனை அன்றே அறிந்திருந்தனர் என்று பெருமைகொள்ளும் குரல்கள் எம்மிடையே எழத் தொடங்கியுள்ளன. அக்குரல்களோடு நாம் உடன்படவில்லை. ஓலையின் கீழ் வாழ்ந்தோரிற் பெரும்பாலோர் அதனை விரும்பித் தெரிந்தவரல்லர். அதனை விட்டு வெளியேற முனைந்தோரும் அறியாமையால் அவ்வாறு செய்யவில்லை. இவ்விரண்டையும் மனங்கொள்ளாது தாவரக் கட்டடப்பொருள்களைப் பற்றிப் பேசுதல் வரலாற்றுக்குப் புறம்பானது. இதனைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கூரை வர்க்கத்தின் அடையாளமாக விளங்கியமைக்குப் பத்துப்பாட்டே சான்று பகரும். பெரும்பாணாற்றுப்படையில் எயினரின் குடிசை ஈந்தின் இலையால் வேயப்பட்டு, முள்ளம்பன்றியின் முதுகுபோலத் தோன்றுவதாகக் காட்டப்படுகிறது. அதே பாட்டில் வலைஞரின் குடியிருப்பு மேலும் நுணுக்கமாகக் கூறப்படுகிறது. வேழத்தின் தண்டுகளை நிரைத்து, இடையிடையே வெண்ணிறக் கொம்புகளைக் கலந்து, தாழைநாரினாற் கட்டி, தருப்பைப் புல்லினால் வேய்ந்த, குறுகிய இறப்பையுடைய குடிசை அது. இதனைச் சொல்லலங்காரமாக மட்டும் கொள்ளலாகாது. எலும்புக்கூடாக எது அமைந்தது, பிணிப்பாக எது அமைந்தது, மூடியாக எது அமைந்தது என்ற மூன்றையும் புலவர் வரிசைப்படக் கூறியிருக்கிறார். நெய்தல் நிலத்திற் கைக்கெட்டிய தாவரங்களிலிருந்து அங்குள்ளோர் கண்ட தொழினுட்பத்தின் பதிவாகவே இதனை நாம் கருதவேண்டும்.

இதற்கு மாறாக, நெடுநல்வாடையில் வரும் அரண்மனை வல்லுநர் நூலிட்டுத் திசை குறித்து எழுப்பியதாகும். இரும்பாற் பிணிக்கப்பட்ட கதவுகளையுடையது. இங்கு கட்டடம் நூலறிவாகிவிட்டது. எயினரும் வலைஞரும் கொண்டிருந்த அறிவு கையறிவாகவே நின்றது. அறிவு இவ்வாறு இரண்டாகப் பிளவுபட்டமை சமூகப் பிளவின் விளைவேயாகும். பிற்காலத்துச் சிற்பநூல்கள் கோயிலுக்கும் மாளிகைக்கும் அளவு வகுத்தன. ஓலை பின்னுவோரின் அறிவுக்கு அத்தகைய நூலிலக்கணம் வாய்க்கவில்லை. இப்பிளவு இன்றுவரை தொடர்வதைப் பின்னர்க் காண்போம்.

3

இனி, நாம் நன்கறிந்த ஒரு சமூக உருவாக்கத்தை, அதாவது யாழ்ப்பாணக் குடாநாட்டை, எடுத்துக்கொள்வோம். இங்கு தாவரத்தால் அமைந்த குடியிருப்பு மூன்று கூறுகளை உடையதாயிருந்தது: பனைமரத்தாலான கூரைச்சட்டம், பனையோலையாலோ தென்னங்கிடுகாலோ ஆன வேய்ச்சல், உயிருள்ள மரங்களாலான வேலி.

முதிர்ந்த பனையின் புறப்பகுதியே வைரம் பாய்ந்தது, உட்பகுதி மென்மையானது. ஆகவே மரத்தை நீளவாக்கிற் பிளந்து, மென்பகுதியைச் செதுக்கி நீக்கி, வளையும் சலாகையும் ஆக்கினர். மரம் வைரமேறுவதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்னும் பழமொழி இக்காலநீட்சியையே குறிக்கிறது. இம்மரம் உள்ளூர்த் தேவையோடு நின்றுவிடவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் அது குடாநாட்டின் முக்கிய ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்றாயிருந்தது.

கிடுகோ குறுகிய ஆயுளுடையது. தென்னோலையை நடுவே பிளந்து, நீரில் ஊறவைத்து, பின்னிக் காயவைத்துப் பெறப்படும் கிடுகு, சில மாரிகளைத் தாங்கியபின் மாற்றப்படவேண்டியது. கழற்றப்பட்ட பழைய ஓலை தோட்டத்துக்குப் பசளையாயிற்று. இவ்விடத்தில் ஓர் உண்மையை மிகைப்படுத்தாது கூறவேண்டும். விரைவில் உக்கிப்போகும் கிடுகு காபனை நெடுங்காலம் சேமித்துவைப்பதில்லை. பனஞ்சலாகையே அதனைச் செய்கிறது. கிடுகின் சிறப்பு வேறு. சூளையோ உலையோ இன்றி உண்டாவதும், வெயிலைத் தடுத்து உள்ளே குளிர்மையைப் பேணுவதும், பயன்முடிந்தபின் மண்ணுக்கு மீள்வதுமே அதன் சிறப்பாகும்.

மூன்றாவதான வேலியே முழுமையாக உயிருள்ள கட்டடப்பொருள் எனத்தக்கது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடித்த கிளைகளை வெட்டி நிலத்தில் ஊன்றினால் அவை வேர்கொண்டு தளிர்க்கும். இவற்றைக் கதியால் என்பர். கதியால்களை வரிசையாக நட்டு, குறுக்கே வரிச்சு கட்டி, கிடுகையோ பனையோலையையோ வைத்து அடைத்தனர். ஆண்டுதோறும் வெட்டப்பட்ட குழை ஆட்டுக்கு உணவாகவும் தோட்டத்துக்குப் பசளையாகவும் பயன்பட்டது. காலஞ்செல்லச் செல்ல வலிமை குன்றுவது ஏனைய கட்டடப்பொருள்களின் இயல்பு. கதியாலோ ஆண்டுகள் செல்லத் தடித்து வலிமை பெறுகிறது. மேகாலயத்துக் காசி மக்கள் இறப்பர் அத்தியின் வேர்களை ஓடைகளுக்குக் குறுக்கே வளர்த்து அமைக்கும் உயிர்ப்பாலங்களிலும் இதே தத்துவத்தைக் காணலாம்.

இவை யாவும் தொழினுட்பத்தின்பாற்பட்டன. ஆயின் இத்தொழினுட்பம் எத்தகைய உற்பத்தி உறவுகளுக்குள் இயங்கிற்று என்பதே எமது வினா. பனங்காணிகள் பெரும்பாலும் நிலவுடைமைச் சாதியினரின் கையில் இருந்தன. மரமேறியோர் நளவரும் பள்ளரும் ஆகிய ஒடுக்கப்பட்ட மக்கள். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, அடிமைமுறையையும் அதனோடு பிணைந்த கடமைகளையும் எழுத்திற் பதித்தது. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டபோதிலும், காணியற்றோர் பிறர் காணியிற் குடியிருந்து உழைக்கும் நிலை தொடர்ந்தது.

இந்நிலையில் ஓலைக்கூரையின் பொருளாதார அடிப்படையை நாம் விளங்கிக்கொள்ளலாம். எந்த வேளையிலும் எழுப்பப்படக்கூடியவன் கல்லால் வீடு கட்டுவதில்லை. கல்வீடு காணியுரிமையை வேண்டிநிற்பது. ஓலைவீடு காணியுரிமை இன்மைக்குப் பொருந்துவது. மேலும், கூரைக்கு வேண்டிய ஓலையும் நிலமுடையோனின் வளவிலேயே நின்றது. ஆகவே ஆண்டுதோறும் கூரை வேயவேண்டிய தேவை, ஆண்டுதோறும் நிலமுடையோனின் அனுமதியை நாடவேண்டிய தேவையுமாயிற்று. மரத்தில் ஏறி ஓலையை வெட்டியவனே அவ்வோலையை இரந்து பெறவேண்டியவனாக இருந்தமை இவ்வமைப்பின் அடிப்படை முரண்பாடாகும்.

பனையின் பயன்கள் 801 எனக் கூறும் தாலவிலாசம் என்னும் நூல் பலராலும் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. பனையைக் கற்பகதருவென்று புகழ்ந்தோர், அதில் ஏறி இறங்கியோரின் நெஞ்சிலும் தோளிலும் பதிந்த தழும்புகளை எண்ணிப் பார்த்தார்களா என்று கேட்கும் உரிமை எமக்குண்டு.

4

இவ்வாறு பார்க்கும்பொழுது, ஓட்டுக்கூரைக்கும் கல்வீட்டுக்கும் ஒடுக்கப்பட்ட மக்கள் கொண்ட வேட்கையை நாம் சரிவர மதிப்பிடலாம். 1960களில் யாழ்ப்பாணத்தில் ஆலயங்களிலும் தேநீர்க்கடைகளிலும் சமத்துவம் வேண்டி நடந்த போராட்டங்களின் சூழலிலிருந்தே கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) பிறந்தது. அந்நாவல் காட்டும் உலகிற் குடிசையும் வளவும் வேலியும் கதை நிகழும் இடங்கள் மட்டுமல்ல. யார் யாருடைய நிலத்தில் எத்தகைய தயவில் வாழ்கிறார் என்பதை அவை உணர்த்துகின்றன. யாழ்ப்பாணத்து வேலியை மறைப்புக்கும் விலக்குக்கும் உரிய குறியீடாக ஈழத்து எழுத்தாளர்கள் கையாண்டமையும் காரணமற்றதன்று. உயிருள்ள வேலி சூழலுக்கு நன்மை செய்தது உண்மை. அதே வேலி மனிதரை மனிதரிடமிருந்து பிரித்ததும் உண்மை.

ஓலையின் மற்றொரு பண்பு அது எரியக்கூடியது என்பதாகும். இது வெறும் பௌதிகப் பண்பன்று. 1968 டிசம்பர் 25ஆம் நாள், தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுட் பெரும்பாலோர். ஓலைக்குடிசையின் எரியும் தன்மை அங்கு நிலவுடைமையாளரின் ஆயுதமாயிற்று. 2004 யூலை 16இற் கும்பகோணத்துப் பாடசாலையொன்றில் ஓலைக்கூரை தீப்பற்றியதில் 94 பிள்ளைகள் மாண்டனர். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியின்போது ஓலைவீடுகளில் வாழ்ந்தோர் எத்தகைய அவலத்துக்குள்ளாயினர் என்பதைக் கிழக்கிலங்கை மக்கள் மறந்திலர்.

ஆகவே குடிசையை விட்டு வெளியேறுதல் விடுதலையின் ஒரு கூறாகவே விளங்கிற்று. குளிரூட்டப்பட்ட அறையிலிருந்துகொண்டு, ஏழை மக்கள் சீமெந்தை நாடிச் சூழலைக் கெடுத்துவிட்டனர் என்று கூறுவோர் வரலாற்றையும் அறியார், நீதியையும் அறியார்.

5

இனிச் சீமெந்தின் வரலாற்றை நோக்குவோம். 1824இல் இங்கிலாந்தில் யோசப் அஸ்பிடின் என்ற கட்டடத் தொழிலாளி போட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். கைத்தொழிற் புரட்சியோடு வளர்ந்த இப்பொருள் முதலாளித்துவ உற்பத்திக்கு மிகப் பொருத்தமானது. எங்கும் ஒரே தன்மையுடையதாக அமைவதும், மூட்டையிற் கட்டி விற்கக்கூடியதும், உள்ளூர் அறிவைச் சாராததுமான பண்டம் அது. ஓலையோ இடத்துக்கும் பருவத்துக்கும் கைத்திறனுக்கும் கட்டுப்பட்டது. எனவே பண்டமயமாக்கத்துக்கு அது எளிதில் இசையவில்லை.

எமது நாட்டில் சீமெந்து யாழ்ப்பாணத்து மண்ணிலிருந்தே பிறந்தமை குறிப்பிடத்தக்கது. காங்கேசன்துறையில் அரசு நிறுவிய தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. சுதந்திர இலங்கையின் கைத்தொழிலாக்க முயற்சிகளுள் அது முன்னோடியானது. வடபகுதியில் ஒரு தொழிலாளி வர்க்கம் உருவாவதற்கும் அது துணைசெய்தது. பாடசாலையும் மருத்துவமனையும் பொதுக்கிணறும் இப்பொருளால் எழுந்தன. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும் இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. மாரிமழை சுண்ணாம்புக்கற் படையிற் புகுந்து தங்குவதனாலேயே கிணறுகளில் நன்னீர் கிடைக்கிறது. சீமெந்துக்காக அகழப்பட்ட கல்லும் நீரைத் தாங்கும் அதே கல்லேயாகும். 1990இல் போரினால் ஆலை நின்றது. அகழ்ந்த குழிகள் எஞ்சின. மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான வளர்சிதைமாற்றத்தை முதலாளித்துவ உற்பத்தி குலைக்கிறது என்று 1867இல் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் எடுத்துரைத்தார். அவர் வேளாண்மையை மனத்திற் கொண்டு கூறியது கட்டடத் தொழிலுக்கும் பொருந்துவதாகும். அரசுடைமையாக இருந்ததனால் மட்டும் இக்குலைவு தவிர்க்கப்படவில்லை என்பதையும் முற்போக்காளர் நேர்மையோடு ஒப்புக்கொள்ளவேண்டும்.

போர் பனையையும் விட்டுவைக்கவில்லை. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. தலைமுறைகள் கடந்து வீட்டுக்கு வளையாகவேண்டிய மரம் மண்மூட்டைகளின் கீழ் உக்கிப்போயிற்று. 2009இல் போர் முடிந்தபின் மீளக்குடியேறியோர் முதலிற் பெற்றவை தகரக் கொட்டில்கள். பின்னர் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகளை இறக்குமதிசெய்து பொருத்தும் திட்டமொன்று முன்வைக்கப்பட்டது. வெப்பம், ஆயுள், செலவு, அடுப்படி வசதி, உள்ளூர் வேலைவாய்ப்பு முதலிய காரணங்களைக் காட்டி 2016இல் மக்கள் பிரதிநிதிகளும் துறைசார் அறிஞர்களும் அதனை எதிர்த்தனர். அறிவிக்கப்பட்ட அளவில் அத்திட்டம் நிறைவேறவில்லை. எப்பொருளால் எமது வீடு அமையவேண்டும் என்பதை வெளிப்படையான அரசியல் வினாவாக எழுப்பிய நிகழ்வு என்ற வகையில் இவ்விவாதம் முக்கியமானது. ஆயினும் விவாதம் உருக்குக்கும் சீமெந்துக் கல்லுக்கும் இடையிலேயே பெரும்பாலும் நிகழ்ந்தது. மூன்றாவது வழியொன்று இருக்கக்கூடும் என்பது போதியளவு பேசப்படவில்லை.

6

அம்மூன்றாவது வழியாக இன்று உலகில் முன்வைக்கப்படுவன எவை? 1980களின் பிற்பகுதியிலிருந்து பிரான்சிற் சணற்செடித் தண்டின் துகள்களைச் சுண்ணாம்போடு கலந்து சுவர் எழுப்பும் முறை வளர்ந்தது. 2014இல் நியூயோர்க்கில் சோளத்தண்டுக் கழிவிற் பூஞ்சண இழையை வளர்த்துப் பெற்ற ஏறத்தாழ 10,000 கற்களால் ஒரு கோபுரம் தற்காலிகமாக எழுப்பப்பட்டது. நோர்வேயில் 2019இல் 85 மீற்றர் உயரமான மரக்கட்டடம் நிறைவெய்தியது. எமக்கு அண்மையதாகத் தோன்றுவது தென்னை பற்றிய ஆய்வாகும். தேங்காய் மட்டையில் உள்ள இலிக்னின் என்னும் பொருளே பசையாகத் தொழிற்படுவதால், வேறு பசை சேர்க்காமல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வலிய பலகைகளை ஆக்கலாம் என்று நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் 2000களில் காட்டினர். உமிச்சாம்பல் சீமெந்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகும் என்பதும் நிறுவப்பட்ட உண்மை. போரக்சு முதலிய உப்புகளால் மரத்தையும் நாரையும் பதப்படுத்தித் தீயையும் பூச்சியையும் ஓரளவு தடுக்கவும் இயலும். கீழ்வெண்மணியையும் கும்பகோணத்தையும் அறிந்த எமக்கு இவ்விறுதி விடயம் சிறிய செய்தியன்று.

இம்முயற்சிகள் யாவும் வரவேற்கத்தக்கன. ஆயின் தாவரம் என்ற ஒரே காரணத்தினால் ஒன்று முற்போக்கானதாகிவிடாது. 2014இல் மிலான் நகரில் திறக்கப்பட்ட ‘செங்குத்துக் காடு’ என்னும் இரு கோபுரங்கள் நூற்றுக்கணக்கான மரங்களைத் தம் மாடங்களில் தாங்கி நிற்கின்றன. மரங்களைத் தாங்குவதோ பலப்படுத்தப்பட்ட கொங்கிறீற்று. அங்கு வாழ்வோரோ செல்வர். இங்கு தாவரம் கட்டடப்பொருளாகவன்றி ஆடம்பரப் பொருளாகவே அமைகிறது. எமது கடற்கரைகளில் உல்லாச விடுதிகள் கிடுகால் வேயப்படுவதும் இத்தகையதே. கிடுகு பின்னிய பெண், அவ்விடுதியிலிருந்து வீடு திரும்பித் தகரத்தின் கீழோ அசுபெசுற்றோசுத் தகட்டின் கீழோ உறங்குகிறாள். முன்பு ஏழையின் இழிவுக்குரிய அடையாளமாயிருந்த ஓலை இன்று செல்வனின் இரசனைக்குரிய அடையாளமாக மாறியுள்ளது. பொருள் மாறவில்லை; அதனைச் சூழ்ந்த உறவுகளே பொருளுக்கு மதிப்பை வழங்குகின்றன.

புதிய முறைகள் சில காப்புரிமைகளால் வேலியிடப்பட்டுள்ளமையும் கவனிக்கத்தக்கது. பத்துப்பாட்டுக் காலத்திற் கண்ட கையறிவு, நூலறிவு என்ற பிளவு இவ்வாறு புதிய வடிவிற் தொடர்கிறது. பின்னுவோரின் அறிவுக்கு விலையில்லை. அதே நாரை ஆய்வுகூடத்தில் அழுத்திப் பலகையாக்கிய அறிவுக்கு உரிமைப்பணம் உண்டு.

7

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். தாவரக் கட்டடப்பொருள்கள் கைவிடப்பட்டமைக்கு அவற்றின் குறைபாடுகள் ஒரு காரணம். அவற்றோடு பிணைந்திருந்த காணியின்மையும் சாதி இழிவும் அதனினும் பெரிய காரணம். குறைபாடுகளை விஞ்ஞானம் நீக்கலாம். இழிவை நீக்குவது விஞ்ஞானத்தின் பணியன்று. அது சமூகப் போராட்டத்தின் பணி. 1872–73இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதிய ஏங்கெல்சு, அதனைத் தனித்தெடுத்துத் தீர்க்கமுடியாது என்று வற்புறுத்தியது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

எனவே எமது சூழலில் இவ்விடயத்தை முன்னெடுப்போர் முதலிற் காணியுரிமையைப் பற்றிப் பேசவேண்டும். தன் நிலத்தில் வாழ்பவனே நூறாண்டு நிற்கும் மரச்சட்டத்தை எண்ணிப் பார்ப்பான். பல பத்தாண்டுகளின் பின் பயன்தரும் பனைவிதையையும் அவனே ஊன்றுவான். அடுத்து, மரமேறுதலும் பின்னுதலும் பிறப்பினால் விதிக்கப்பட்ட தொழிலாக அன்றி, பாதுகாப்பும் நியாயமான ஊதியமும் உடைய தொழிலாக வேண்டும். 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை, பனையை உணவுப்பொருளாகவும் கைவினைப் பொருளாகவும் நோக்குவதோடு அமையாது, கட்டடப்பொருளாகவும் நோக்குதல் நன்று. கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடம் போன்றவை பனஞ்சலாகையின் தாங்குவலுவையும், பதப்படுத்திய ஓலையின் தீத்தாங்குதிறனையும், கதியால் வேலியின் காபன் கணக்கையும் அளந்து எல்லோர்க்கும் உரிய அறிவாக வெளியிடலாம். அவ்வளவீட்டில் பின்னுவோரும் தச்சரும் ஆய்வுப் பொருளாக அன்றி ஆய்வாளராகப் பங்குகொள்ளவேண்டும்.

காலநிலை மாற்றத்தை உண்டாக்கியதில் ஓலைக்குடிசையில் வாழ்ந்தோர்க்குப் பங்கு மிகச் சொற்பம்; அதன் வெப்பத்தையும் வெள்ளத்தையும் முதலில் அனுபவிப்போரும் அவர்களே. சூழலைக் காக்கும் பொருட்டு அவர்கள் மீண்டும் குடிசைக்குத் திரும்பவேண்டும் என்று கூறும் உரிமை எவர்க்கும் இல்லை. எரியாததும், புயலைத் தாங்குவதும், வெயிலிற் குளிர்மை தருவதும், தம் சொந்தக் காணியில் நிற்பதுமான வீட்டைப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவ்வீட்டைப் பனையாலும் தென்னையாலும் ஆக்கமுடியுமாயின், அதனை ஆக்கும் வழியைக் காண்பது எமது பல்கலைக்கழகங்களின் கடமையாகும்.